நாற்பத்திரண்டாவது நிமிடம்

ஆகஸ்ட் 30, சனி

இந்த வாரத்துக்குப் படம் சிக்கிவிட்டது. 'வெள்ளை அங்கி'. இணையத்தில் இலவசம், அறுபத்தொரு நிமிடம், அடியில் தமிழ் எழுத்து ஓடுகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையே வேண்டாம், ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் எழுபது தடவை மென்று விழுங்கினால் போதும் என்று ஒரு வெளிநாட்டு டாக்டர் புட்டுப்புட்டு வைக்கிறார். ஆளைப் பார்த்தாலே எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது. நரைத்த தாடி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் அலமாரி நிறையத் தடித்தடிப் புத்தகங்கள்.

நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் கேஸ் சிலிண்டர்காரன் வந்து கத்தினான். பழையதை உருட்டிக் கொடுத்து, புதியதில் ரப்பர் வாசர் இருக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் படத்தின் ருசி போய்விட்டது. பரவாயில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். மீதிப் பத்தொன்பது நிமிடமும் அதே டாக்டர் அதே தாடியோடுதான் பேசப்போகிறார்.

உட்கார்ந்து எழுதி முடித்தேன். 'பொருநைச் சுடர்' வார இதழில் ஆறு வருடமாக எழுதுகிறேன். பத்தியின் பெயர் 'பார்த்துவிட்டுப் பேசுவோம்'. அறிவியல், தொழில்நுட்பம், மனித நடத்தை என்று இதுவரை இருநூற்றுத் தொண்ணூறு ஆவணப்படங்களைப் பாளையங்கோட்டை மக்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். அதில் எத்தனையை முழுசாகப் பார்த்தேன் என்று யாரும் கேட்டதில்லை. அதனால் நானும் எண்ணி வைக்கவில்லை. பகலெல்லாம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பட்டகம் துடைத்து அடுக்குகிற உதவியாளன் நான். வாரத்துக்கு ஒருநாள், அரைப்பக்கத்துக்கு, அறிவியல் எழுத்தாளர் குற்றாலிங்கம். அந்த அரைப்பக்கம் இல்லையென்றால் எனக்குக் கோட்டி பிடித்திருக்கும்.

கடைசிப் பாராவைச் சும்மா நறுக்கென்று முடித்தேன்: "இதை மறுத்துப் பேசுகிறவர் எவராயினும் மாத்திரைக் கம்பெனியிடம் காசு வாங்கியவர் என்று கொள்க." ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்.

செப்டம்பர் 4, வியாழன்

இதழ் வந்தது. என் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

அத்தான் காப்பிக்கு இறங்கி வந்தார். அத்தான் என்றால் என் மனைவி ஆவுடையின் அண்ணன், கோமதிநாயகம். முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி, அத்தாச்சி, இறந்தபிறகு எங்கள் மாடியில் தனியாக இருக்கிறார், சாப்பாடு எங்களோடு. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. வாயில் மட்டும் அதன் அறிகுறியே கிடையாது.

"என்ன மாப்ளே, இந்த வாரம் எந்தப் படத்தச் சொல்லி ஊர ஏமாத்தியிருக்கீரு?"

"படிச்சுப் பாருங்க அத்தான்."

"எனக்கு வேற சோலி இல்ல பாத்தீரா? ஒம்ம எழுத்த எவன்வே படிக்கான்? அச்சடிக்கவனே கண்ண மூடிக்கிட்டுத்தான் அடிப்பான்."

ஆவுடை அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அத்தான் காப்பியைக் குடித்துவிட்டு, அலமாரியில் விரிக்க ஆகும் என்று இதழை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு எழுத்தாளனுக்குச் சொந்த வீட்டில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மூன்று இட்லி. ஐம்பது நிமிடம். அத்தான் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் எனக்கு ஒரு பஸ் போய்விட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இந்த மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. ஆடு அசைபோடுகிற மாதிரி மெல்லுகிறார், மெல்லுகிறார், மென்றுகொண்டே இருக்கிறார். எதிரே இருக்கிறவனுக்குத் தாடை வலிக்கிறது. பல் வலியா என்று கேட்டேன். "வயசாச்சுல்லா, பையத்தான் திங்கணும்" என்றார். வாய்க்குள் ரசஞ்சோறு. ரசஞ்சோற்றில் மெல்ல என்ன இருக்கிறது?

இன்னொரு வம்பு. மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்பதே இல்லை. ஒருநாளைக்கு ஒருதடவை போட்ட மோட்டாரை இப்போது இரண்டு தடவை போட வேண்டியிருக்கிறது. ராத்திரியில் நாலைந்து தடவை பாத்ரூம் கதவுச் சத்தம். குடிக்கவும் ஒரு குடம் தனியாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். கேட்டால் வெயிலாம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பத்தியில் சொல்லிவிட்டேன். இந்த வாரப் பரிந்துரை, வீடுகளில் தண்ணீர் வீணாவதைப் பற்றிய ஓர் ஆவணப்படம். பதினொரு நிமிடம் பார்த்தேன். மிக முக்கியமான படம்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுதபூஜைக்குத் துடைத்து வைத்த ஆய்வகத்தை ஒரே நாளில் பிள்ளைகள் நாசம் செய்துவிட்டார்கள்.

அத்தான் இளைத்திருக்கிறார். "அண்ணன் சட்டையப் பாருங்க, கம்புல மாட்டுன மாதிரி தொங்குது. டாக்டர்ட்ட காட்டணும்" என்கிறாள் ஆவுடை. அவரோ கண்ணாடி முன் நின்று பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"பாத்தியா ஏட்டி, தொந்தி போச்சு. ஒன் மாப்ளைக்கிட்ட எப்படின்னு கேளு, அவருக்கு வளந்துகிட்டே போவுது."

எனக்கு வயிற்றெரிச்சல்தான். எனக்குத் தொந்தி இருப்பது உண்மை. அதை என் மனைவி முன்னால் சொல்ல வேண்டுமா? அவர் வாங்கியிருக்கிற புதுச்செருப்பு அவரைக் கடித்துவிட்டதாம், சுண்டுவிரலில் பிளாஸ்திரி. செருப்பு நல்லது செய்திருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

பத்திரிகை ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார்கள். ஆறு வருடத்தில் எனக்கு வருகிற மூன்றாவது வாசகர் கடிதம். சட்டையை மாற்றிக்கொண்டுதான் பிரித்தேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், மரகதவல்லி என்று பெயர். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஐயா, வெள்ளை அங்கி படத்தை நீங்கள் முழுவதும் பார்த்தீர்களா? நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் அந்த டாக்டர் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, 'நான் மேடை நடிகன். இதுவரை சொன்னது அத்தனையும் பொய். என்னை ஏன் நம்பினீர்கள்?' என்று கேட்கிறார். வெள்ளை அங்கி போட்டவன் எதைச் சொன்னாலும் மனிதர்கள் நம்புவார்கள் என்பதுதான் படமே. எங்கள் பத்தாம் வகுப்புக்குப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, உங்கள் கட்டுரையையும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் மிகவும் சிரித்தார்கள். நன்றி."

நன்றியாம்!

கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். டீச்சர் சொன்னது சரிதான். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் அந்தப் பாவி அங்கியைக் கழற்றுகிறான். உள்ளே பூப்போட்ட சட்டை. தாடியையும் பிய்த்து மேசைமேல் வைக்கிறான். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அதற்குப்பிறகு உண்மையான டாக்டர்கள் வரிசையாக வந்து சொல்கிறார்கள். கடைசியில் நடிகன் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான்: "இந்நேரம் உங்களில் பாதிப்பேர் படத்தை நிறுத்திவிட்டு நாலு பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்."

பத்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? நாற்பது? ஐம்பது?

அக்டோபர் 15, புதன்

யோசித்துப் பார்த்தேன். மறுப்பு எழுதினால் பார்க்காமல் எழுதினேன் என்று ஊருக்கே தெரியும். ஆறு வருடப் பேர் அன்றோடு ஆற்றில் போகும். கல்லூரியில் எல்லோரும் முப்பட்டகத்தைக் காட்டி, இதையாவது முழுசாகப் பார்த்தீரா என்று சிரிப்பார்கள். எதற்காக? யார் படித்தார்கள் அந்தக் கட்டுரையை? என் எழுத்தை எவன் படிக்கிறான் என்று அத்தானே கேட்டிருக்கிறார். படிக்காத கட்டுரைக்கு மறுப்பு எதற்கு?

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இந்த வாரப் பரிந்துரை, லிப்டில் ஏறியதும் மனிதர்கள் ஏன் கதவைப் பார்த்தே நிற்கிறார்கள் என்பது. ஒன்பது நிமிடப் படம். முழுதும் பார்த்தேன்.

அக்டோபர் 20, தீபாவளி

ஆவுடை முந்திரிக்கொத்து செய்திருந்தாள். அத்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுவேட்டியைக் கட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். பதினெட்டு வருடமாக அவர் தீபாவளிப் பலகாரத்தை மோந்துகூடப் பார்த்தது கிடையாது.

"அண்ணே, சுகரு!"

"ஒண்ணும் செய்யாது ஏட்டி. மெல்லுத விதத்துல இருக்கு சூட்சுமம்."

மெல்லத் தொடங்கினார். அப்போதுதான் அவர் வலதுகைப் பெருவிரலைப் பார்த்தேன். ஜெபம் பண்ணுகிறவர் மாதிரி விரல் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விளையாட்டுக்கு நானும் கூடவே மனசுக்குள் எண்ணினேன். விழுங்கினார். இரண்டாவது கடி. மறுபடி எண்ணினேன். விழுங்கினார்.

எழுபது. இரண்டு தடவையும் எழுபது.

எனக்கு அடுத்த வாய் இறங்கவில்லை. "இனிப்பு கம்மியா?" என்று ஆவுடை கேட்டாள். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அத்தான் ஆறு முந்திரிக்கொத்து தின்றார்.

அக்டோபர் 21, செவ்வாய்

ஏணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். ஜன்னல் மேலே மாத்திரை டப்பா. ஆகஸ்டில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன.

"மாத்திர போடலியா அத்தான்?"

"விட்டு ஒன்ற மாசமாச்சு."

"யாரு விடச் சொன்னா?"

"ஏன், எனக்கா ஒரு யோசன வராதாக்கும்?"

"எதுக்கும் போட்டுக்கிடுங்க அத்தான். சும்மா விளையாடாதீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாத்திரக் கம்பெனிக்காரன்ட்ட எவ்வளவு வாங்குனீரு மாப்ளே?"

என் வாக்கியம். நான் நறுக்கென்று முடித்த வாக்கியம். திரும்பி வந்து என் செவிட்டிலேயே அறைந்தது.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அத்தான், நான் படத்தை முழுசாகப் பார்க்கவில்லை. ஐந்தே வார்த்தை. ஆனால் அவர் அதை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் என்னை ஓட்டுவார், ஆவுடை அடுப்படியிலிருந்து சிரிப்பாள். படியில் இறங்கும்போது சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஏணியை எடுக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

மழை. ஒரு யோசனை வந்தது. அவர் என் எழுத்தைத்தானே கேட்கிறார்? எழுத்தாலேயே திருப்பிவிடலாம். மத்தியானம் ஆசிரியர் இசக்கியைப் பிடித்து, அச்சுக்குப் போகவிருந்த லிப்ட் கட்டுரையைத் தூக்கிவிட்டு வேறு ஒன்றைக் கொடுத்தேன். 'எழுபது முறை மெல்லுங்கள், கூடவே மாத்திரையும் போடுங்கள்' என்று புதிதாக வந்திருக்கும் ஒரு ஸ்வீடன் நாட்டு ஆவணப்படத்தைப் பற்றி. அப்படி ஒரு படம் கிடையாது. பாதி பார்த்த படத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு, எடுக்காத படத்தைப் பற்றி எழுதுவது பெரிய காரியமில்லை.

அக்டோபர் 23, வியாழன்

இதழை அவர் கண்ணில் படும்படி காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தேன். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து மேசையில் போட்டார்.

"ஒம்மையும் வெலைக்கு வாங்கிட்டானுவளே வே!"

"படிக்கதே இல்லன்னு சொன்னீங்களே."

"கெடந்துது, கண்ணுல பட்டுது." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "மொதல்ல எழுதினதுதான்வே எழுத்து. அதுல ஒரு தெம்பு இருந்துது. இது எவனோ சொல்லிக் குடுத்து எழுதின மாதிரில்லா இருக்கு?"

ஆறு வருடத்தில் என் எழுத்தைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நடக்கும்போது காலைக் கொஞ்சம் இழுத்தார். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்தது. ஒன்றுக்கும் நேரமில்லை.

அக்டோபர் 25, சனி

காலையில் காப்பி கொடுக்கப் போன ஆவுடை மாடியிலிருந்து அலறினாள். பிளாஸ்திரியை அவள்தான் பிரித்திருக்கிறாள். நாற்றம். சுண்டுவிரல் கருத்துப்போய், பாதமெல்லாம் வீங்கிக் கிடந்தது. அவருக்கு வலியே தெரியவில்லையாம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை நானூற்று முப்பத்தெட்டு.

டாக்டர் ஒரு பெண். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மறந்துட்டேம்மா" என்றார். ஒன்றரை மாதம் மறந்தாராம். காட்டிக்கொடுத்துவிடுவார் என்று நான் பயந்த மனிதர் என்னைக் காப்பாற்றுகிறார்.

அக்டோபர் 27, திங்கள்

விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றிவிட்டோம் என்றாள் டாக்டர். "நாலு நாளைக்கு முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா விரலும் தப்பியிருக்கும்."

ஏன் குறிப்பாக நாலு நாள் என்று சொன்னாள் என்று தெரியவில்லை. பத்து நாள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் என்று சொல்லியிருக்கலாம். இருபத்தைந்திலிருந்து நாலு போனால் இருபத்தொன்று. நான் ஏணி எடுக்கப் போன நாள்.

மயக்கம் தெளிந்ததும் அத்தான், "ஒரு செருப்பு மட்டும் ஒரு சைசு சின்னதா குடுப்பானா மாப்ளே?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆவுடையிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரசத்தை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிலிண்டர்காரன் வந்ததிலிருந்து ஸ்வீடன் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பிளாஸ்கின் மூடியைத் திருகி, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்தாள்.

"ஒரு மணி நேரம் ஒக்காந்து ஒரு படத்த முழுசா பாக்க முடியல. ஒங்களுக்கு எதுக்கு இந்த எழுத்து?"

அந்தத் துணியை வாங்கி அலசப் போட்டேன்.

"தீவாளி அன்னைக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சுட்டு. என்ன?"

தலையாட்டினேன்.

"நீங்களே போய் அண்ணன்ட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். சொல்லுத வரைக்கும் ஒங்ககிட்ட எனக்குப் பேச்சு கெடையாது."

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குத் தனியாகப் போய்விட்டாள்.

நவம்பர் 3, திங்கள்

ஆறு நாளாக வீட்டில் குக்கர் மட்டும்தான் பேசுகிறது.

நடந்ததை ஒப்புக்கொண்டு எழுதிய கட்டுரையை இசக்கியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "கோட்டி பிடிச்சிருக்கா ஒமக்கு? 'ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்'னு கடைசிப் பக்கத்துல மூணு வரி போட்டுருவோம்."

"தவறு தானா வந்து நேரல. நான் பாக்காம எழுதுனேன். ரெண்டாவது படத்த நானா கட்டுனேன். அப்படியே போடுங்க."

"போட்டா இதோட ஒம்ம பத்தி முடிஞ்சுது, பாத்துக்கிடும்."

"அதே எடத்துல போடுங்க. அரைப்பக்கம். போட்டோவும் வேணும்."

நவம்பர் 6, வியாழன்

இதழ் மை காயுமுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தான் காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணாடி வீட்டில் இருக்கிறது, நீரே வாசியும் என்றார். ஆவுடை ஜன்னல் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

வாசித்தேன். "நான் அந்தப் படத்தை முழுவதும் பார்க்கவில்லை" என்று தொடங்கி, "ஐந்து நாட்கள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் குடும்பத்தில் ஒருவர் அதற்காக ஒரு விரலைக் கொடுத்திருக்கிறார். இந்தப் பத்தியைப் படித்து யாரேனும் மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரைப் பாருங்கள்" என்று முடிகிற வரைக்கும் வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் வரியைத் தவறவிட்டு மறுபடி தொடங்கினேன். அவர் காத்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தான்."

காலுக்கடியில் இருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"நீரு நாப்பத்திரண்டு நிமிசம் பாத்தீராக்கும்?"

"ஆமா."

"நான் ஒரு நிமிசங்கூடப் பாக்கல."

எனக்குப் புரியவில்லை. "படத்தப் பாத்துட்டுத்தானே மாத்திரைய விட்டீங்க?"

"என் போனு பேசுததே பெரும்பாடு. அதுல படம் எங்கவே வரும்? அந்தக் கோட்டு போட்டவன் கருப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. எவனோ வெள்ளைக்காரன் சொன்னான்னு பதினெட்டு வருசமாத் திங்குத மாத்திரைய நான் விடுவேனா?" மூச்சு வாங்கினார். "எம் மாப்ள எழுதியிருக்காரு, பாக்காமலா எழுதுவாருன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

ஆவுடையின் கை ஆரஞ்சில் அப்படியே நின்றது.

என்னவோ சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது. ஐம்பத்து நாலு வயதில், எட்டுக் கட்டில் வார்டில், பக்கத்துக் கட்டில்காரர் பார்க்க.

"சவத்த விடும், அழாதீரும் வே" என்றார் அத்தான். அவர் குரலும் சரியாக இல்லை. "போயி எனக்கு ஒரு காப்பி வாங்கிட்டு வாரும். சீனி போடாம."

வராந்தாவில் நின்று மிச்சத்தை அழுது முடித்தேன். பிறகு கேண்டீனில் காப்பி வாங்கினேன். சீனி போடவில்லை என்று கடைக்காரன் இரண்டு தடவை சொன்னான். இன்னொரு டம்ளர் கேட்டு, அதில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.